மூணு கொட்டேஷனும் ஒரு ஜலகண்டமும்

எனக்கு ஜலகண்டம். இத முதல்லயே சொல்லிடறேன்.

நான் பொறந்த பதினாறாவது நாளே கிள்ளான் ஜோசியர் ஒருத்தர் நோட்டுல எழுதிக் குடுத்துட்டாரு. இருபத்தோரு வயசு முடியற வரைக்கும் தண்ணியில கண்டம், கடல், ஆறு, குளம், கிணறு எதுக்கும் கிட்ட போகக் கூடாது. எங்க தாமான் குடியிருப்புல கிணறே கிடையாது, இருந்தாலும் மனுஷன் விடல. வெள்ளம் வந்தா என்ன பண்ணணும்னு மட்டும் எழுதல. மழ அடிச்சு ஊத்துனா எங்க தெருவுல முட்டி அளவு தண்ணி நிக்கும். அப்பல்லாம் அம்மா என்னைய மேசை மேல ஏத்தி உக்கார வெச்சுட்டு தம்பிய மட்டும் தண்ணியில விளையாட விடுவாங்க. அவனுக்கு கண்டம் இல்லையாம். அவனுக்கு சொறிதான் வந்துச்சு.

இந்தக் கதை நடந்தது தொண்ணூறுகள்ல. எனக்கு அப்ப இருபது வயசு. காலேஜ்ல ட்வின்னிங் ப்ரோக்ராம், ரெண்டு வருஷம் இங்க, மிச்சம் இங்கிலாந்துல. செப்டம்பர்ல ப்ளேன் ஏறணும். படிச்சது எலெக்ட்ரிக்கல், ஆனா உயிர் இருந்தது காலேஜ் டைவிங் கிளப்புல. வீட்ல ஏரோபிக்ஸ்னு சொல்லிட்டு நீச்சல் குளத்துல டைவிங் கத்துக்கிட்டேன். பயாலஜி கேம்ப்னு சொல்லிட்டு கடல்ல எட்டு தடவ இறங்கிட்டேன். எலெக்ட்ரிக்கல் படிக்கறவளுக்கு எதுக்குடி பயாலஜி கேம்ப்னு யாரும் கேக்கல. கேட்டிருந்தா மின்சார மீன்னு சொல்லியிருப்பேன். ரெடியாத்தான் இருந்தேன்.

அந்த வருஷம்தான் கிளப்புல ஒரே பேச்சு. மெர்சிங்ல இருந்து போட் எடுத்துப் போற ஒரு தீவுல மந்தான்னு ராட்சசத் திருக்கை, நாம பாரின்னு சொல்ற மீன் ஜாதி, வருதாம். ராத்திரி சோத்தோங், அதான் கணவா, புடிக்கற போட்டுங்க பெரிய பெரிய லைட்டு போடறாங்க இல்லையா, அந்த வெளிச்சத்துக்கு கண்ணுக்கே தெரியாத பொடிப்பொடி உயிருங்க கூடுமாம். அத அள்ளித் தின்ன மந்தா வருமாம். நாம அடியில மணல்ல உக்காந்து டார்ச்ச மேல புடிச்சா போதும், தலைக்கு மேல குட்டிக்கரணம் அடிக்குமாம். முன்ன வந்ததில்ல, அடுத்த வருஷம் வருமான்னு ஒருத்தனுக்கும் தெரியாது. நான் அடுத்த வருஷம் இங்கிலாந்துல இருப்பேன். அங்க குளத்துல வாத்து இருக்கும்னு சொன்னாங்க.

சரி, போயிடலாம்னு பாத்தா ஒரு போரம். ராத்திரி டைவுக்கு இருபத்தொண்ணுக்குக் கீழ இருந்தா அப்பா இல்ல அம்மா கையெழுத்து வேணும். எந்தக் கடைக்குப் போன் அடிச்சாலும் அதே ரூல். அப்பா எங்க வீட்ல எந்தப் போரத்துலயும் கையெழுத்துப் போட மாட்டாரு, எல்லாம் அம்மாதான். ஏன்னா அம்மா இருபது வருஷமா கவர்மெண்ட் ஆபீஸ்ல கிராணி, ஃபைல் எழுதற வேலை. அந்தக் கையெழுத்த நானே போட்டுரலாம்னு ஒரு ராத்திரி பூரா உக்காந்து ட்ரை பண்ணேன். கோழி மேல லோரி ஏறுன மாதிரி இருக்கும் அது. எனக்குக் கோழி வந்துச்சு, லோரி வரல.

வேற வழி இல்ல. நேரா அம்மாகிட்ட போனேன். அம்மா பயத்தங்காய் வெட்டிக்கிட்டு இருந்தாங்க.

"ம்மா, மந்தான்னு ஒரு மீன்."

"எவ்ளோவாம் கிலோ?"

"வாங்கறதுக்கு இல்லம்மா. பாரி மாதிரி இருக்கும். ஆனா நம்ம ஹால் அளவு."

"பாரியா? பாசார்ல தெனம் வெட்டி வெச்சிருக்கான். சம்பல் போட்டு வாழை எலையில சுட்டுத் தரேன், தட்டுல வெச்சுப் பாரு."

"உயிரோட பாக்கணும்மா."

"உயிரோட எங்க?"

"கடலுக்கு அடியில. ராத்திரில."

கத்தி நின்னுடுச்சு. அப்புறம் ஏரோபிக்ஸ், பயாலஜி கேம்ப், எட்டு தடவ, எல்லாத்தையும் ஒரே மூச்சுல கொட்டிட்டேன். எட்டு தடவ இறங்கியும் எனக்கு ஒண்ணும் ஆகல பாருங்கன்னு வேற சொன்னேன்.

"எட்டு தடவ உன்ன சும்மா விட்டிருக்கு," அம்மா சொன்னாங்க. "ஒன்பதாவதுக்குக் காத்துக்கிட்டு இருக்கு."

அவ்ளோதான் முடிஞ்சிச்சுன்னு நெனச்சேன். ஆனா எங்கம்மாவ நீங்க புரிஞ்சுக்கணும். இருபது வருஷம் கவர்மெண்ட்ல இருந்தவங்களுக்கு வேண்டாம்னு சொல்றதுக்கும் ஒரு ப்ரொசீஜர் இருக்கு. கைய கழுவிட்டு ஜோசியருக்குப் போன் போட்டாங்க. அதே பதினாறாம் நாள் ஜோசியர். அவர் ஒரு ஓட்டை காமிச்சாரு. கண்டம் இருக்கறவள தண்ணிக்குக் கூட்டிட்டுப் போறவனோட ஜாதகம் பலமா இருந்து, இவ ஜாதகத்தோட பொருந்துனா, தோஷம் அடங்குமாம்.

அம்மா போன வெச்சுட்டு சொன்னாங்க, "மூணு கொட்டேஷன் வேணும். மூணு கொட்டேஷன் இல்லாம எங்க ஆபீஸ்ல ஒரு ஸ்டேப்ளர் கூட வாங்க மாட்டோம். உன் உயிர் ஸ்டேப்ளர விடக் கொறைச்சலா?"

ரூலர் வெச்சு கோடு போட்டு ஒரு போரம் ரெடி பண்ணாங்க. கடை பேரு. எத்தன வருஷமா நடக்குது. தண்ணிக்குள்ள கூட வர்றது யாரு. அவர் பொறந்த தேதி, நேரம், ஊரு. கடைசில குறிப்புன்னு ஒரு பெரிய கட்டம். கொட்டேஷன் போரத்துல விலைக்குக் கட்டமே இல்ல.

எங்கிட்டயும் ஒரு லிஸ்ட் இருந்துச்சு. ஒரு கைடுக்கு எத்தன பேரு, ஆளுக்கு ரெண்டு டார்ச் உண்டா, போட்ல ஆக்சிஜன் இருக்கா, மந்தாவத் தொடுவாங்களா. அம்மா அத வாங்கி மேலயும் கீழயும் பாத்துட்டு, "இதுல பொறந்த நேரம் எங்க?"ன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க.

சனிக்கிழமை காலையில கிளம்பினோம். அம்மா பட்டு மாதிரி ஒரு சேலை. நான் பஞ்சாபி சூட், மாட்டேன்னு சொல்லியும் கேக்கல. முதல் தடவ ஒருத்தர் வாசல்ல கால் வெக்கிறப்ப கைய வீசிக்கிட்டுப் போகக் கூடாதுன்னு மூணு பை ஆரஞ்சு வேற. டைவிங் கடைக்கு ஆரஞ்சு எடுத்துட்டுப் போன முதல் குடும்பம் நாங்கதான்னு நெனைக்கிறேன்.

முதல் கடை மேருவுல. ஃபேக்டரிங்களுக்கு நடுவுல ஒரு ஷட்டர் கடை, வாசல்ல செவப்பு செவப்பா தீயணைக்கற சிலிண்டரு. போர்டுல பெருசா தீயணைப்பு சிலிண்டர் நிரப்பப்படும்னு இருக்கு, கீழ பொடி எழுத்துல டைவிங்கும்னு இருக்கு. ஓனரு நாப்பது வயசு அண்ணே ஒருத்தர், பனியன், கழுத்துல ருத்ராட்சம்.

"வாங்கக்கா, எத்தன சிலிண்டரு?"

"சிலிண்டர் இல்ல தம்பி. பொண்ணு கடலுக்குள்ள போகணும்ங்கறா. நீங்க எப்பப் பொறந்தீங்க?"

எவனா இருந்தாலும் இந்தக் கேள்விக்கு ரெண்டு செகண்டு முழிப்பான். அண்ணே முழிக்கவே இல்ல. "விருச்சிக ராசிக்கா, அனுஷம். காலையில ஆறு பதினெட்டு. பொறந்த ஊரு பந்திங்."

அம்மா முகத்துல அப்படி ஒரு வெளிச்சம். விருச்சிகம் ஜலராசியாம். எழுதிக்கிட்டே தலைய ஆட்டறாங்க. நான் என் லிஸ்ட்ட எடுத்தேன்.

"அண்ணே, மந்தா எத்தன தடவ பாத்திருக்கீங்க?"

"மந்தாவா? இருக்கும்மா. கடல் பெருசுதானே."

"ஒரு கைடுக்கு எத்தன பேரு?"

"எத்தன பேரு வர்றாங்களோ அத்தன பேரு."

"நீங்க கீழ வருவீங்களா?"

"எனக்குக் காது சரியில்லம்மா. நான் போட்ல இருந்து பாத்துக்குவேன்."

"ராத்திரில போட்ல இருந்து என்னண்ணே தெரியும்?"

"லைட்டு அடிப்பேன்ல." அண்ணே காமிச்ச லைட்டு ஒரு லோரியோட ஹெட்லைட்டு. வயரு கார் பேட்டரிக்குள்ள போகுது. பக்கத்துல காத்து இழுக்கற ஹோஸ் ஒண்ணு தொங்குது, நடுவுல கறுப்பு டேப்பு சுத்தி வெச்சிருக்கு. நான் அதையே பாக்கறத பாத்துட்டு அண்ணே சொன்னாரு, "லீக்கு இல்லம்மா. சும்மா அழகுக்கு."

அம்மா குறிப்பு கட்டத்துல எழுதினாங்க: பக்தி உண்டு.

ரெண்டாவது கடை பிரிக்பீல்ட்ஸ். அப்ப ரயில் பாதை போடறேன்னு ரோடு பூரா தோண்டிப் போட்டிருந்தாங்க, தூசி சாப்பிட்டுக்கிட்டே போனோம். வாழை எலை சாப்பாட்டுக் கடை, அதுக்கு மேல மாடியில டைவிங் கடை. படியில ஏறுனா ரசம் வாசனை. ஓனரு இளவட்டம், தலை பூரா ஜெல்லு, கையில லோரி டயர் அளவுக்கு வாட்ச்சு. செவுத்துல சர்ட்டிபிகேட்டா ஒட்டியிருக்கு. நடுவுல ஒரு பெரிய போட்டோ, ஆளு மந்தா முதுகுல படுத்து ரெண்டு கையாலயும் கட்டிப் புடிச்சிருக்கான்.

கேஷ் மேசையில அவன் அம்மா. யாழ்ப்பாணத்துக் குடும்பம், கஞ்சி போட்ட காட்டன் சேலை, கண்ணாடி. எங்கம்மா ஆரஞ்சு பைய ரெண்டு கையாலயும் நீட்டினாங்க. அந்தம்மா ஆரஞ்சப் பாத்தாங்க, எங்கம்மா சேலையப் பாத்தாங்க, என் பஞ்சாபி சூட்ட தலைல இருந்து கால் வரைக்கும் பாத்தாங்க. எந்திரிச்சு நின்னுட்டாங்க.

"இருங்கோ, இருங்கோ. பிள்ளை என்ன படிக்கிறா?"

"எலெக்ட்ரிக்கல் இன்ஜினியரிங். செப்டம்பர்ல இங்கிலாந்து போறா."

"நல்லம். என்ர தமையனும் அங்கைதான்."

"தம்பி எத்தன மணிக்குப் பொறந்தாரு?"

"இரவு பதினொண்டு நாப்பது. குறிப்பு வீட்டில இருக்கு, நகல் எடுத்துத் தரட்டே?"

நகல்னு கேட்டதும் எங்கம்மாவுக்கு மனசே குளுந்துடுச்சு. "தம்பிக்குக் குடி, சிகரெட்டு ஏதாச்சும்?"

"ஐயோ, ஒண்டும் இல்லை. கடலுக்குப் போறதுதான் ஒரே பழக்கம்."

"அதப் பாத்துத்தான் வந்தோம்."

அந்தம்மா சிரிச்சாங்க. கீழ கடைக்கு ஆள் அனுப்பி கேசரியும் டீயும் வர வெச்சாங்க. மகன் உள்ள போனான். டீசர்ட்டுல போனவன் முழுக்கை சட்டையில திரும்பி வந்தான். எனக்கு அப்பவும் ஒண்ணும் உறைக்கல, நான் ஆக்சிஜன் சிலிண்டரு எங்க வெச்சிருக்கான்னு கதவு இடுக்கெல்லாம் எட்டிப் பாத்துக்கிட்டு இருந்தேன்.

"போட்ல ஆக்சிஜன் இருக்கா?"ன்னு கேட்டேன்.

அவன் தரையப் பாத்துக்கிட்டு சொன்னான், "உங்களுக்கு வேணும்னா வெக்கலாம்."

"மந்தாவத் தொடுவீங்களா?"

"ஏறியே உக்காரலாம். உங்களையும் ஏத்தி விடறேன்."

என் லிஸ்ட்ல அந்த இடத்துல ஒரு பெரிய இன்ட்டு போட்டேன். பேனா பேப்பரக் கிழிச்சுடுச்சு.

அந்தம்மா டீய வெச்சுட்டு குரலக் கொஞ்சம் எறக்கினாங்க. "ஒண்டு மட்டும் இப்பவே சொல்லிப்போடுறன். கலியாணத்துக்குப் பிறகு இவர் இந்தக் கடலை விட்டிட வேணும். பிள்ளையும் அதைச் சொல்ல வேணும்."

"எந்தக் கல்யாணம்?"னு எங்கம்மா கேட்டாங்க.

"இவையின்ர கலியாணம்."

"நாங்க ராத்திரி டைவுக்குக் கொட்டேஷன் கேட்டு வந்தோம்."

வெளிய ரயில் பாதைக்கு இரும்புத் தூண் எறக்கற சத்தம், டொம், டொம். அவன் முழுக்கை சட்டையோட பட்டன கழட்டறதா விடறதான்னு தெரியாம நின்னான். அந்தம்மா கண்ணாடியக் கழட்டித் தொடச்சாங்க.

"அப்ப குறிப்பு ஏன் கேட்டனீங்கள்?"

"இவளுக்கு ஜலகண்டம்."

"ஓ." அந்தம்மா முகம் உடனே தெளிஞ்சுடுச்சு. "அப்ப கேக்கத்தானே வேணும்."

எனக்குத் தலை சுத்துச்சு. கல்யாணம் இல்லைன்னதுதான் அவங்களுக்கு வருத்தம். மத்தபடி டைவிங் கடைக்காரனுக்குப் பொருத்தம் பாக்கறதுல அந்த ரூம்ல யாருக்கும் ஒரு சந்தேகமும் இல்ல. கேசரி மட்டும் திரும்ப உள்ள போயிடுச்சு. நான் ஒரு வாய்தான் வெச்சிருந்தேன்.

குறிப்பு: நல்ல குடும்பம். வேறு எதிர்பார்ப்பு உண்டு.

மூணாவது செராஸ்ல. சீன அங்கிள் ஒருத்தர், அம்பது வயசு, ஒல்லி, மூக்கு நுனியில கண்ணாடி. ஒரு ஹோஸப் பிரிச்சு பல்லு தேய்க்கற பிரஷ்ஷால தேய்ச்சுக்கிட்டு இருந்தாரு. தலையே தூக்கல. அவர் பேசுனது இங்கிலீஷும் மலாயும் கலந்து, நான் தமிழ்ல போடறேன்.

நான் கேக்கறதுக்கு முன்னாடியே அவர் ஆரம்பிச்சுட்டாரு. ஒரு கைடுக்கு நாலு பேருதான், கைடு அவரேதான். ஆளுக்கு ரெண்டு டார்ச்சு. போட்ல ஆக்சிஜன் இருக்கு, வேணும்னா இப்பவே தொறந்து காட்டறேன். மணல்ல உக்காரணும், மந்தாவத் தொட்டா அடுத்த போட்ல வீட்டுக்கு. கரண்ட், அதான் நீரோட்டம், இழுத்தா கேன்சல், அழுதாலும் கேன்சல்.

"மந்தா வருமா அங்கிள்?"

"தெரியாது. நான் மந்தா இல்ல. பதினோரு ராத்திரி இறங்கினேன், ஆறு ராத்திரி வந்துச்சு."

எனக்கு அவர் கால்ல விழணும் போல இருந்துச்சு. என் லிஸ்ட்ல எல்லாத்துக்கும் ரைட்டு. அம்மா ஆரஞ்ச நீட்டிட்டு பொறந்த நேரம் கேட்டாங்க. இவராச்சும் சிரிப்பாருன்னு பாத்தேன். மனுஷன் பிரஷ்ஷ வெச்சுட்டு, கையத் தொடச்சுட்டு, பர்ஸ்ல இருந்து மடிச்சு மடிச்சு வெச்ச செவப்புக் காகிதம் ஒண்ணு எடுத்தாரு. அவங்கம்மா எழுதி வெச்சதாம். தேதி, மணி, நிமிஷம் எல்லாம் இருக்கு. அம்மா போரத்துல எழுதிக்கிட்டாங்க. அவரும் திருப்பி, அவங்க சீன ஜோசியத்துக்கு, நான் பொறந்த வருஷம் என்னன்னு கேட்டாரு, கேட்டுட்டு ஹ்ம்ம்னாரு. அந்த ஹ்ம்ம் எனக்குப் புடிக்கவே இல்ல.

ஞாயித்துக்கிழமை ஜோசியர் வீட்ல ரிசல்ட்டு. மேரு அண்ணே ஃபர்ஸ்ட் க்ளாஸ். பிரிக்பீல்ட்ஸ் பரவால்ல. செராஸ் அங்கிள் மகர ராசி, நான் சிம்ம ராசி, ஆறுக்கு எட்டு, சஷ்டாஷ்டகம், இவளும் அவரும் ஒரே போட்ல ஏறவே கூடாதுன்னுட்டாரு. அப்புறம் கணக்க இன்னொரு தடவ பாத்துட்டு உச்சுக் கொட்டினாரு. "அரை மணி நேரம் முந்திப் பொறந்திருந்தா மனுஷன் தனுசு. பிரமாதமா பொருந்தியிருக்கும்."

வீட்டுக்கு வந்ததும் அம்மா மேரு கடையில குடுத்த கையெழுத்துப் போரத்த எடுத்து வெச்சாங்க. "இவருக்குன்னா கையெழுத்துப் போடறேன்."

"அவரு ஹோஸ்ல டேப்பு ஒட்டியிருக்காரும்மா!"

"கட்டம் நல்லா இருக்கு."

"கட்டத்துல இருந்து காத்து வருமாம்மா? அவரு கீழயே வர மாட்டாரு!"

"அப்ப போக வேணாம். நானா போகச் சொன்னேன்?"

அவ்ளோதான் என் நெலம. மேரு அண்ணேகூட போனா கையெழுத்து இருக்கு. செராஸ் அங்கிள்கூட போனா உயிர் இருக்கு. ஜலகண்டத்த ஒரு நாளும் நம்பாதவ நான். எனக்கே அந்த மேரு கடையில ஜலகண்டம் நல்லாத் தெரிஞ்சிச்சு.

திங்கக்கிழமை காலேஜுக்கு மட்டம் போட்டுட்டு பஸ் மாறி மாறி செராஸுக்குப் போனேன்.

"அங்கிள், ஒரே ஒரு ஹெல்ப்பு. எங்கம்மாவுக்குப் போன் பண்ணி, மணி தப்பா சொல்லிட்டேன், அரை மணி நேரம் முன்னாடிதான் பொறந்தேன்னு சொல்லிடுங்க."

"ஏன்?"

சொன்னேன். மகரம், தனுசு, ஆறு, எட்டு எல்லாம். பொறுமையாக் கேட்டாரு.

"முடியாது."

"அங்கிள், வெறும் அரை மணி நேரம்! யாருக்கு என்ன நஷ்டம்?"

"எங்கம்மா என்னைப் பெத்த நேரம் அது. அவங்க கஷ்டப்பட்டது அந்த அரை மணி நேரமும் சேத்துத்தான். நீ யாரு அதக் கொறைக்க?"

கெஞ்சினேன். இங்கிலாந்து கதைய சொன்னேன். வாத்து கதையையும் சொன்னேன். அவர் பிரஷ்ஷ எடுத்து ஹோஸத் தேய்க்க ஆரம்பிச்சுட்டாரு. நான் பஸ் ஏறிட்டேன்.

அன்னிக்கு சாயந்திரம் அம்மா ஆபீஸ்ல இருந்து வந்தாங்க. ஹேண்ட்பேக்க வெச்சாங்க. சோறு ஆக்கினாங்க. சாப்பிட்டோம். தம்பி கூட ஏதோ நடக்குதுன்னு தட்டத் தூக்கிட்டு ஹாலுக்கு ஓடிட்டான். அப்புறம்தான் அம்மா வாயத் தொறந்தாங்க.

"இன்னிக்கு ஆபீஸுக்கு ஒரு போன் வந்துச்சு."

செராஸ் அங்கிள் போட்டுக் குடுத்துட்டாரு! நான் முதல்ல போன் அடிச்சப்ப குடுத்த ஆபீஸ் நம்பர எடுத்து, நேரா எங்கம்மாவுக்கே அடிச்சு, உங்க பொண்ணு வந்து பொறந்த நேரத்த மாத்திச் சொல்லச் சொல்றா, நான் மாத்த மாட்டேன், காகிதத்துல இருக்கறதுதான் சரி, நீங்களே முடிவு பண்ணுங்கன்னு சொல்லிட்டாரு.

"சொன்னியா, இல்லையா?"

"சொன்னேன்."

"பெத்த நேரத்தையா மாத்தச் சொன்ன?"

"அரை மணி நேரம்தாம்மா..."

"ஏரோபிக்ஸ்னு சொன்ன. பயாலஜி கேம்ப்னு சொன்ன. இப்ப அடுத்தவங்க அம்மா பிரசவத்துலயே கைய வெக்கற." அம்மா எந்திரிச்சாங்க. முடிஞ்சிச்சு, இங்கிலாந்துக்குப் போயி வாத்தப் பாத்துக்க வேண்டியதுதான்னு நெனச்சேன். அம்மா அலமாரியில இருந்து ஃபைல எடுத்துட்டு வந்து, செராஸ் கடையோட கையெழுத்துப் போரத்த வெளிய உருவினாங்க. ஒவ்வொரு வரியா படிச்சாங்க. பொடி எழுத்துக் கூட விடல. அப்புறம் கோழி, கோழி மேல லோரி.

எனக்கு ஒண்ணும் புரியல. "ம்மா? அவருதான் பொருந்தலையே?"

"அரை மணி நேரம் மாத்திச் சொன்னா அவருக்கு ஒரு ஆள் வியாபாரம். சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியவா போகுது? சொல்லல." பேனாவ மூடினாங்க. "அதுக்கே பொய் சொல்லாத மனுஷன் சிலிண்டர்ல காத்து இருக்குன்னு சொன்னா இருக்கும். இல்லன்னா இல்லன்னு சொல்வாரு."

"ஜோசியர்கிட்ட என்ன சொல்றது?"

"அவரு கடலுக்கு வர்றாரா?"

ஃபைல்ல கொட்டேஷன் போரத்துக்குக் கீழ ஒரு தனிப் பேப்பர் வெச்சு எழுதினாங்க. முதல்ல வந்தவன எடுக்காம வேற ஆள எடுத்தா அவங்க ஆபீஸ்ல காரணம் எழுதி வெக்கணுமாம், ஆடிட்டுக்கு. அந்த ஃபைல எந்த ஆடிட்டரு வந்து பாக்கப் போறாரோ தெரியல. நான் எட்டிப் பாத்தேன். ஒரே வரி: இவர் போட்டுக் கொடுத்தார்.

சந்தோஷத்துல கட்டிப் புடிக்கப் போனேன். அம்மா கையால தடுத்தாங்க. "நான் அவர நம்பித்தான் கையெழுத்துப் போட்டேன். உன்ன நம்பி இல்ல. அத நல்லா ஞாபகம் வெச்சுக்க."

தீவுக்குப் போய் முதல் ராத்திரி. டேங்க் மாட்டி, டார்ச் மாட்டி, போட்ல ரெடியா உக்காந்திருக்கேன். சோத்தோங் போட் லைட்டுல கடல் பச்சையா எரியுது. அங்கிள் நங்கூரக் கயித்தப் புடிச்சு தண்ணியில கைய விட்டு நீரோட்டத்தப் பாத்தாரு.

"கேன்சல்."

"அங்கிள்! லேசாத்தான் இழுக்குது!"

"லேசா இழுத்தா லேசா செத்துப் போவ. டேங்க்கக் கழட்டு."

எனக்கு அழுகையே வந்துடுச்சு. மொத்தம் ரெண்டு ராத்திரிதான் எங்களுக்கு. அந்த மேரு அண்ணேயா இருந்தா ஹெட்லைட்ட அடிச்சு உள்ள தள்ளி விட்டிருப்பாரு. நேர்மையான ஆளு வேணும்னு கேட்டா இப்படித்தான், நமக்குப் புடிக்காததையும் நேர்மையா சொல்லித் தொலைக்கறாங்க.

ரெண்டாவது ராத்திரி கைய விட்டுப் பாத்துட்டு தலைய ஆட்டினாரு. எறங்கினோம். பத்து மீட்டர்ல மணலு. டைவுக்கு வந்த நாலு பேரும் வட்டமா முட்டி போட்டு உக்காந்து டார்ச்ச மேல புடிச்சோம். கோயில்ல பிரசாதத்துக்கு உக்காந்த மாதிரி இருந்துச்சு. வெளிச்சத்துல பொடிசுங்க கூட ஆரம்பிச்சுச்சு, மழைக்கு அப்புறம் தெரு லைட்டுல ஈசல் கூடுமே, அப்படி. கால் மணி நேரம் ஆச்சு. ஒண்ணும் வரல. ஒரு குட்டி சோத்தோங் வந்து என் முகத்தப் பாத்துட்டு மை அடிச்சுட்டுப் போச்சு.

அப்புறம் இருட்டுல இருந்து ஒரு வாய் வந்துச்சு. மொதல்ல வாய்தான் தெரிஞ்சுது. உள்ள ஒண்ணுமே இல்ல, வெள்ளையா, காலியா, ரெண்டு பக்கமும் வரிவரியா. ஒரு பெட்ரூமு கதவத் தொறந்துக்கிட்டு நம்ம மேல வந்தா எப்படி இருக்கும்? அப்படி. முட்டிரும்னு நெனச்சு கண்ண மூடிக்கிட்டேன். தொறந்தா வயிறு என் நெத்திக்கு ஒரு சாண் மேல வழுக்கிக்கிட்டுப் போகுது, போகுது, போய்க்கிட்டே இருக்கு. பின்னாடி போயி மல்லாக்கத் திரும்பி மறுபடியும் வாயத் தொறந்துக்கிட்டு வருது. எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. தண்ணிக்குள்ள சிரிச்சா மாஸ்க் இடுக்குல தண்ணி ஏறும். கண்ணு வரைக்கும் உப்புத் தண்ணி, அத வெளிய ஊதிக்கிட்டே சிரிக்கிறேன், அது என் தலைக்கு மேல கரணம் அடிக்குது.

ரெண்டாவது வந்துச்சு. மூணாவதும் வர்றது நெழலாத் தெரிஞ்சிச்சு. அப்பத்தான் அங்கிள் எங்கிட்ட வந்து என் காத்து மீட்டரப் பாத்தாரு. கட்டை விரல மேல தூக்கிக் காட்டினாரு. தண்ணிக்கடியில அதுக்கு ஒரே அர்த்தம்தான், மேல ஏறு. நான் பாக்காத மாதிரி மந்தாவப் பாத்தேன். முன்னாடி வந்து நின்னு மறுபடியும் காட்டினாரு. நான் பிரமாதம் அங்கிள்னு சொல்ற மாதிரி நானும் கட்டை விரலத் தூக்கிக் காட்டினேன். மனுஷன் மூணாவது தடவ காட்டவே இல்ல. பின்னாடி போயி என் டேங்க் கழுத்தப் புடிச்சு, பூனை குட்டியத் தூக்கற மாதிரி அப்படியே தூக்கிட்டுப் போயிட்டாரு. மூணாவது மந்தா எனக்குக் கீழ வாயத் தொறந்துக்கிட்டுச் சுத்துது. நான் காத்துல கால உதைக்கற கொழந்தை மாதிரி தொங்கிக்கிட்டே மேல போறேன்.

தங்கற இடத்துல ஒரே ஒரு போனு, சாப்பாட்டுக் கடை மேசையில. கரைக்கு வந்து தலையக் கூடத் துவட்டாம ஓடிப் போயி அடிச்சேன். முதல் ரிங்லயே அம்மா எடுத்தாங்க.

"ம்மா, பாத்துட்டேன்! மூணும்மா! ஒவ்வொண்ணும்..."

"உயிரோட இருக்கியா?"

"இருக்கேன்மா, அதான் பேசறேன்ல."

"அவரு மேல ஏறுன்னு சொன்னப்ப ஏறுனியா?"

திரும்பிப் பாத்தேன். அங்கிள் பின்னாடியே நிக்கறாரு, தோள்ல துண்டு, கையில ரொட்டி, அதக் காப்பியில முக்கிக்கிட்டு.

"ஏறினேன்மா. உடனே ஏறிட்டேன்."



"போன அவர்கிட்ட குடு," அம்மா சொன்னாங்க.